வாய்க்கால் பாலம் தாண்டட்டும்

பத்த வெச்சுக்கங்க தம்பி, தாராளமாப் பத்த வெச்சுக்கங்க. கண்ணாடிய மட்டும் நாலு வெரக்கடை எறக்கிக்கங்க. எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நான் சிகரெட்டை விட்டு மூணு வருசம் ஆச்சு. கோயமுத்தூர் டேசன்ல ஏறுனதுல இருந்து நீங்க சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வர்றதை நானும் ஓரக்கண்ணுல பாத்துட்டுத்தான் வர்றேன். எனக்குத் தெரியாதுங்களா அந்த நோவு?

என்னது, தீப்பெட்டி இல்லீங்களா? ரயில்ல வாங்கி வெச்சுட்டாங்களா? அது செரி. டேஷ்போர்டுல பாருங்க, துணிக்கு அடியில இருந்தாலும்... இல்லீங்க, இருங்க, அது வேண்டாம். அந்தப் பாக்கெட்டோட இருக்கற தீப்பெட்டிய எடுக்காதீங்க. கைய எடுங்க தம்பி!

கோவிச்சுக்காதீங்க. சத்தம் போட்டுட்டேன். வாடகைக்கு வந்த மனுசன்கிட்ட இப்படிச் சத்தம் போடலாமுங்களா? தப்புத்தான். மூடிருங்க அதை. அந்தா அன்னூர் வந்துருச்சு, கடையில நிறுத்தறேன், புதுசா ஒண்ணு வாங்கிக்கங்க. டீயும் குடிச்சுக்கலாம்.

ஆங், இப்பப் பத்த வெச்சுக்கங்க. நல்லா இழுத்துக்கங்க.

சிகரெட்டை விட்டவன் வண்டியில சிகரெட்டுப் பாக்கெட்டு எதுக்குன்னுதானுங்க ரோசனை பண்றீங்க? கேக்கற ஆளுக நெறைய இருக்காங்க. 'பழைய சாமான், கெடக்கட்டும்'னு சொல்லிப் போடுவேன். உங்களைச் சத்தம் போட்டுட்டேன், அதனால உங்களுக்குச் சொல்லோணும். எங்க ஊரு சத்திக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது.

பதினேழு வயசுல ஆரம்பிச்சது தம்பி. வாடகை வண்டி ஓட்டறவனுக்கு சிகரெட்டும் வண்டியில ஒரு சாமானுங்க. ஸ்டெப்னி இல்லாமக்கூடக் கெளம்பிருவேன், அது இல்லாமக் கெளம்ப மாட்டேன். ஊட்டுல இருக்கறவன் விடறதுன்னா சுலுவுங்க. ஆசை வந்துச்சுன்னா எந்திரிச்சுப் போயி ஒரு சொம்பு தண்ணி குடிக்கலாம், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போடலாம், பொண்டாட்டிகூடச் சண்டை போடலாம். வண்டிக்குள்ள எங்க போவீங்க? கையி ஸ்டேரிங்குல, காலு கிளச்சுல. ஆசையும் நீங்களும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டு ஒக்காந்திருக்கோணும்.

இந்த எடது கையிருக்குது பாருங்க, கியரைப் போட்டுட்டு அதுவா மேல வரும், பாக்கெட்டுக்கு. அங்க ஒண்ணும் இருக்காது. மறுபடி கியருக்குப் போகும், மறுபடி வரும். ஒரு நாளைக்கு நாப்பது தடவை வந்துச்சுங்க. பாக்கெட்டு இருந்தாத்தானே கை வரும்னு ரெண்டு சட்டையில தையலைப் பிரிச்சுப் பாக்கெட்டையே எடுத்துப் போட்டேன். அப்பவும் வந்துச்சு. வெறும் நெஞ்சைத் தடவிட்டுப் போகும்.

அப்பறம் ஒண்ணு கண்டுபுடிச்சேன். எந்த டாக்டரும் எனக்குச் சொல்லல, நானாக் கண்டுபுடிச்சதுங்க. அந்த ஆசை ரொம்ப நேரம் நிக்காது. வரும், கழுத்தைப் புடிக்கும், நாலஞ்சு மைல் கல்லு தாண்டுனா விட்டுட்டுப் போயிரும். அதுக்குள்ள கிராம்பைக் கடிச்சுட்டு, ரெண்டு கையும் ஸ்டேரிங்குல வெச்சுட்டு, ரோட்டோரத்துல இருக்கற பனைமரத்தை எண்ணிட்டே ஓட்டோணும். கோயில்பாளையம் டீக்கடையில ஒண்ணு வரும், குளம் தாண்டுனாப் போயிரும். அன்னூர்ல ஒண்ணு வரும், அது பரவால்ல. புளியம்பட்டி தாண்டி ஒண்ணு வரும் பாருங்க, அதுதான் ராட்சசன். அந்த எடத்துல இருபத்தஞ்சு வருசமா ஒண்ணு பத்த வெச்சுப் பழக்கம். ஊடு நெருங்குது, வேலை முடிஞ்சுது, ரோடு காலியாக் கெடக்குது. அந்த ஆசை வாய்க்கால் பாலம் வரைக்கும் விடாதுங்க. பாலம் தாண்டுனா சத்தி. வண்டி நெரிசல்ல எல்லாம் மறந்துரும். அதனால எனக்கு என்ன கணக்குன்னா, பாலம். எதா இருந்தாலும் பாலம் தாண்டட்டும்.

எண்ணும்போது பேசக் கூடாது. பேசுனா எண்ணிக்கை தப்பிரும். எண்ணிக்கை தப்புச்சுன்னா கை பாக்கெட்டுக்குப் போயிரும்.

எதுக்கு விட்டேன்னு சொல்லலையேங்க. என்ற சம்சாரத்துக்காக விட்டேன். துளசிமணின்னு பேரு. அவளுக்கு தொண்டைக்குக் கீழ, சாப்பாட்டுக் கொழாய்ல, வரக் கூடாத நோவு வந்துருச்சு. மொதல்ல சோறு எறங்கலைன்னா. அப்பறம் கஞ்சி எறங்கல. கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, அத்தனை டெஸ்ட்டும் எடுத்து, டாக்டரு ஒக்கார வெச்சு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. வெத்தலை போடுவீங்களா? இல்லீங்க. பொகையில? இல்லீங்க. ஊட்டுல யாராவது சிகரெட்டுக் குடிப்பாங்களா?

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ பட்டுனு, "இல்லீங்க"ன்னுட்டா.

என்ற சட்டையில அடிக்கற நாத்தம் அந்த ரூம் பூராம் அடிக்குது. டாக்டரு என்னைப் பாத்தாரு. நான் கீழ குனிஞ்சுட்டேன். அவரும் வெவரமான மனுசன், அதுக்கு மேல கேக்கல. வெளிய வந்து, "ஏன்டி பொய் சொன்னே?"ன்னு கேட்டேன். "உங்களை எதுக்குங்க அவரு வையோணும்?"னா. அவ்வளவுதான் சொன்னா. அந்த ஒரு வார்த்தை போதுமுங்க தம்பி, மனுசனைக் கொல்றதுக்கு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முனியப்பன் இருக்கறாரு, போகும்போது காட்டறேன். எங்க டிரைவருக சாமி. புது வண்டி எடுத்தா அங்கதான் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குவோம். சுருட்டுப் பத்த வெச்சு அவரு காலுகிட்ட வெப்போம். நேரா அங்க போயி, சூடத்தைப் பத்த வெச்சு, எரியற சூடத்தை உள்ளங்கையில அடிச்சு அமத்தி சத்தியம் பண்ணுனேன். 'நாப்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம், தொட மாட்டேன். அவளை எனக்குக் குடுத்துரு'ன்னு. நடுவுல ஒண்ணே ஒண்ணு தொட்டாலும் அவ உசுரை நானே எடுத்த மாதிரின்னு சொல்லிட்டு வந்தேன்.

ஸ்டேண்டுல ராக்கியப்பன்னு ஒருத்தன், என்ற கூட்டாளி, விழுந்து விழுந்து சிரிக்கறான். "ஏன்டா குருநாதா, சுருட்டுக் குடிக்கற சாமிகிட்டயே போயி சிகரெட்டை விடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கறயே, சாராயக் கடைக்காரன்கிட்டப் போயி குடிய நிறுத்தறேன்னு எழுதிக் குடுத்த மாதிரி இருக்குது. வேற சாமியே கெடைக்கலையா?"ன்னு. எனக்கு அப்பச் சிரிப்பு வரல. இப்ப வரும். இல்லீங்க, இப்பவும் வரல. ஆனா அவன் சொன்னது நெசந்தானோன்னு தோணும். மனு குடுக்கற எடத்துல தப்புப் பண்ணிட்டேன். வேற எந்தத் தப்பும் பண்ணல தம்பி. வேற ஒரு தப்பும் பண்ணல.

கரண்டு வெக்கோணும்னாங்க, ரேடியேசன்னு சொல்றாங்களே, அது. வாரத்துல அஞ்சு நாளு, ஆறேழு வாரம். வெடியால ஏழு மணிக்குக் கெளம்புனா மத்தியானம் திரும்பிருவோம். வேற வாடகை எதுவும் எடுக்கல. இப்ப நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அந்த சீட்டுலதான் வருவா. மடியில ஒரு மஞ்சப்பை, ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் அதுலதான்.

கரண்டு வெக்க வெக்கத் தொண்டை உள்ள புண்ணாயிருச்சுங்க. ஒரு வார்த்தை பேசோணும்னா எச்சிய முழுங்கி, கண்ணை இறுக்க மூடித் தொறந்து, அப்பறம்தான் வரும். அதுவும் காத்துதான் வரும். அப்படியும் பேசுவா. பேசறதுன்னா அவளுக்கு அத்தனை இஷ்டம். இல்லீங்க, பேசறதுன்னு சொல்லக் கூடாது, கேக்கறது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்களுக்கு ஒரு பழக்கம். பொழுதோட நான் வண்டியக் கழுவி விட்டுட்டு, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில தொவைக்கற கல்லு மேல ஒக்காருவேன். அவ பக்கத்துல பாத்திரம் தேச்சுட்டு இருப்பா. ஒண்ணு பத்த வெச்சுட்டு அன்னைக்கு வண்டியில ஏறுன ஆளுகளைப் பத்தி ஒண்ணொண்ணாச் சொல்லுவேன். பொண்ணு பாக்கப் போன எடத்துல வேற பொண்ணைப் பாத்துட்டு வந்தவன், கோழியோட ஏறுன வாத்தியாரு, எல்லாம். ஒரு இழுப்பு, ஒரு பேச்சு. எனக்கு சிகரெட்டு கையில இருந்தாத்தான் பேச்சே வரும். "சிகரெட்டு முடிஞ்சா கதையும் முடிஞ்சுருமுங்களா, இன்னொண்ணு பத்த வெய்யுங்க"ன்னு சிரிப்பா. அந்தப் புள்ளைக்கு வேற என்ன தெரியும்? சினிமாவா, ஊரா? நான் கொண்டுட்டு வர்ற கதைதான்.

சிகரெட்டை விட்ட அன்னைக்கே அந்தப் பொடக்காளிக்குப் போறதை விட்டுட்டேன். அந்தக் கல்லைப் பாத்தாலே வாயூறும். ஊட்டுக்குப் போனா உள்ர போயிப் படுத்துக்குவேன். வண்டியிலயும் வாயைத் தொறக்கறதில்ல. பனைமரத்தை எண்ணோணுமே.

பத்தொம்பதாம் நாளு. புளியம்பட்டி தாண்டி வந்துட்டு இருக்கறோம். ஒரு சம்பங்கித் தோட்டம், பூவு பறிச்சுட்டு இருக்காங்க. அவ என்ற கையைத் தொட்டு, எச்சிய முழுங்கி, "ஏனுங்க, வாசம் வருதுங்களா?"ன்னா. நான் முப்பத்திரண்டோ முப்பத்திமூணோ எண்ணிட்டு இருந்தவன். போச்சு. எண்ணிக்கை போச்சு. "சும்மா வரமாட்டயாடி? உனக்காகத்தானே நான் இந்தப் பாடு படறேன்!"னு கத்திட்டேன். அவ கையை எடுத்துக்கிட்டா.

சிகரெட்டை விட்டவனுக்குக் கோவம் வருமுங்க. அது எல்லாத்துக்கும் உள்ளதுதான். அவளுக்கும் அது புரிஞ்சிருச்சு. அதுக்கப்பறம் அவளே பழகிட்டா. ஏதாவது சொல்ல வருவா, நான் கையைக் காட்டி, "பாலம் தாண்டட்டும் அம்மணி"ம்பேன். தலையை ஆட்டிட்டு வெளிய பாத்துட்டு வருவா. பாலம் தாண்டுனா ஊரு வந்துரும், ஆளுக வந்துருவாங்க, பாக்க வந்த சொந்தக்காரங்க ஊடு பூராம் இருப்பாங்க. அவ சொல்ல வந்தது என்னன்னு நானும் கேக்கறதில்ல, அவளும் சொல்றதில்ல. அத்தனை அனுசரணையான பொம்பளைங்க. ஒரு வார்த்தைக்கு அவ படற பாட்டைப் பாத்தா, பேசாம வர்றதே அவ தொண்டைக்கு நல்லதுன்னும் நெனைச்சுக்குவேன்.

இதா புளியம்பட்டி. சந்தைக் கூட்டம், சித்த மெதுவாத்தான் போகோணும்.

என்னங்க? ஏதோ சொல்ல வந்தீங்களே. இருங்க தம்பி, சித்த இருங்க, இதைச் சொல்லி முடிச்சர்றேன். பாலம் தாண்டட்டும்.

முப்பத்தாறாவது நாளு. எனக்கு நாளு தப்பாது, காலண்டர்ல தெனம் கோடு போட்டுட்டு வந்தேன். இன்னும் பன்னெண்டே நாளு. டாக்டரும் அன்னைக்கு, "கட்டி கொறைஞ்சிருக்குது, பரவால்ல"ன்னாரு. எனக்கு முனியப்பன் கண்ணைத் தொறந்துட்டான்னு சந்தோசம். கரண்டு வெச்சு முடிச்சு வெளிய வந்தவ, "நீங்க போயி வண்டிய எடுத்துட்டு வாங்க, நான் ஆஸ்பத்திரி கேட்டுகிட்ட நிக்கறேன்"னா. எடுத்துட்டு வந்து பாத்தா, கேட்டுகிட்ட ஆளக் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து தாண்டி வர்றா. அத்தனை வண்டி போற ரோடு. ஒரு கையில மஞ்சப்பை, ஒரு கையை நீட்டி பஸ்ஸை நிறுத்திட்டு, ஒவ்வொரு எட்டா வெச்சு வர்றா. ஒடம்புல எலும்புதான் இருக்குது, சீலைதான் நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு.

"எங்க போனே, என்ன வாங்குனே?"ன்னு கேட்டேன். "சொல்றேன்"னு சிரிச்சா. அவ சிரிச்சுப் பாத்து ஒரு மாசம் ஆயிருந்துச்சு. மருந்து ஏதாவது வாங்கியிருப்பான்னு நெனைச்சேன்.

புளியம்பட்டி தாண்டுனோம். இந்தா, இதே எடம்தான். எனக்கு அன்னைக்கு வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு ஆசை அதுக்கு முன்னாலயும் வரல, பின்னாலயும் வரல. டாக்டரு சொன்ன சந்தோசமோ என்னமோ. சந்தோசம் வந்தாலும் பத்த வெக்கறவன்தானே நானு. எடது கை நெஞ்சுக்கு வந்து வந்து போகுது. கிராம்பு கடிச்சு நாக்கே மரத்துப் போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டு வர்றேன்.

"ஏனுங்க"ன்னா.

நான் திரும்பல.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்."

"பாலம் தாண்டட்டும் அம்மணி."

அவ கை மஞ்சப்பைக்குள்ள போச்சு. மறுபடி எச்சிய முழுங்கி, "வண்டிய ஓரங்கட்டுங்க"ன்னா. "ஏன், தலை சுத்துதா? வாந்தி வருதா?"ன்னேன். இல்லைன்னு தலையாட்டுனா. "அப்பறம் எதுக்குடி? பாலம் தாண்டட்டும்னு சொல்றனில்ல! இன்னும் பன்னெண்டு நாளு, அதைக் கெடுத்துப் போடாதே!"ன்னு கத்துனேன். பைக்குள்ள இருந்த கையை வெளிய எடுத்துட்டா. கண்ணாடியில தலையைச் சாச்சுக்கிட்டா.

நான் ஜெயிச்சுட்டேன் தம்பி. பனைமரம் எண்ணி, எண்ணி, முனியப்பனைப் பாத்து ஒரு கும்பிடு போட்டு, பாலத்துல ஏறுனேன். வாய்க்கால்ல தண்ணி விட்டிருந்தாங்க, ரெண்டு கரையும் நெறைஞ்சு போகுது. பாலம் தாண்டுனதும் ஒடம்பே லேசாப் போச்சு. "இப்பச் சொல்லு அம்மணி, என்னமோ சொல்லோணும்னயே"ன்னு திரும்பறேன், அவ தூங்கிட்டா. தூங்கட்டும்னு விட்டுட்டேன். நாலு நாளாத் தூக்கமில்லாம இருந்தவ. எழுப்பியிருக்கலாம். எழுப்பல.

அன்னைக்குப் பொழுதோடயே காய்ச்சல் வந்துருச்சு. மூச்சு முட்டுது. ஆம்புலன்ஸ்ல ஏத்தி மறுபடி அதே ரோடு. நெஞ்சுல சளி கட்டிருச்சுன்னாங்க, கிருமின்னாங்க. வாயில கொழாயைப் போட்டுட்டாங்க. அதுக்கப்பறம் அவளுக்குப் பேச்சு இல்லீங்க.

ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் உள்ர விடுவாங்க. ரெண்டாவது நாளு போயி நிக்கறேன், முழிச்சுட்டு இருந்தா. என்னையே பாத்தா. கையை மெல்லத் தூக்குனா, ஊசி கட்டியிருந்த கை. ரெண்டு வெரலை ஒட்ட வெச்சு, இப்படி, ஒதட்டுகிட்ட கொண்டுட்டுப் போனா. என்னைக் காட்டுனா. மறுபடி ஒதட்டுகிட்ட. எனக்குப் புரிஞ்சு போச்சு. தொட்டுட்டயான்னு கேக்கறா. சத்தியத்தைக் காப்பாத்துனயான்னு கேக்கறா. அவ தலையில கையை வெச்சு, "தொடல அம்மணி, உம்மேல சத்தியமாத் தொடல. இன்னைக்கு முப்பத்தெட்டு நாளு"ன்னு சொன்னேன். அவ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுனா. கண்ணை மூடிக்கிட்டா. ரெண்டு பக்கமும் தண்ணி எறங்குது. சந்தோசத்துல அழுவறான்னு நெனைச்சேன். தொடைச்சு விட்டுட்டு வந்தேன்.

நாப்பத்தோராவது நாளு, வெடியால போயிட்டா.

மூணாம் நாள் சடங்கு முடிஞ்சு ஆஸ்பத்திரிச் சீட்டு தேடறதுக்கு அந்த மஞ்சப்பையைக் கவுத்தேன். சீட்டெல்லாம் விழுந்துச்சு. அதோட இந்தப் பாக்கெட்டும் விழுந்துச்சு. நான் குடிக்கறது, செவப்புப் பட்டை போட்டது. புத்தம் புதுசு, மேல் காயிதம்கூடப் பிரிக்கல. ஒரு தீப்பெட்டி. கூடவே பழைய பாக்கெட்டு அட்டை ஒண்ணு, நான் எப்பவோ குடிச்சுப் போட்டது, அதுல பின்பக்கம் அவ பால் கணக்கு எழுதி வெச்சிருந்தா. அவளுக்கு பேரெல்லாம் தெரியாதுங்க. வாயாலயும் கேக்க முடியாது. அந்த அட்டைய ஊட்டுல இருந்து எடுத்துட்டுப் போயி, கடைக்காரன்கிட்ட நீட்டி, இது குடுன்னு வாங்கியிருக்கறா. எங்க ஊருப் பொம்பளைங்க பொட்டிக் கடையில போயி சிகரெட்டு வாங்குவாங்களா தம்பி? பத்து ஆம்பளைங்க நிக்கற எடத்துல? அந்த ஒடம்பை வெச்சுட்டு ரோட்டைத் தாண்டிப் போயி?

அப்பறம் ரோசனை பண்ணிப் பாத்தேன். என்னைச் சோதிக்கறதுக்குத்தான் வாங்கியிருப்பா. நீட்டிப் பாப்போம், தொடறானான்னு. டாக்டரு நல்லாச் சொன்னாருல்ல, அந்தக் குசும்புல. அவளுக்கு அப்படிக் குசும்பு உண்டுங்க.

என்ற பொண்ணு மேகலா, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கறோம், அவ பக்கத்துல நின்னுட்டு இருந்தா. "சோதிக்கறதுக்காப்பா?"ன்னா. "ஆமா கண்ணு, வேற எதுக்கு?"ன்னேன். அவ அந்தப் பழைய அட்டையையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் சொன்னா, "அம்மா என்கிட்டச் சொல்லுச்சுப்பா. 'உங்கப்பா ஊட்டுல இருக்கறாரு, ஆனா ஆளக் காணோம் சாமி. பொடக்காளியில ஒக்காந்து ஒண்ணே ஒண்ணு குடிச்சாருன்னா பழைய மனுசனாயிருவாரு. ரெண்டு கதை கேட்டுட்டுப் போயிருவேன்'னு. நான்தான் உங்ககிட்டச் சொல்லல. உங்க சத்தியம் கெட்டுப் போயிருமேன்னு சொல்லல." சொல்லிட்டு அப்படியே தரையில ஒக்காந்துட்டா.

நான் ஒத்துக்கல. இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல தம்பி. அவ சின்னப் புள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? சோதிக்கத்தான் வாங்குனா. ஆஸ்பத்திரியில வெரலை ஒதட்டுல வெச்சதும் தொட்டயான்னு கேக்கத்தான். அப்படித்தான் இருக்கோணும். இல்லைன்னா என்ன ஆகுது பாருங்க. அவ கேட்டது ஒரு சிகரெட்டு நேரம். ஓரங்கட்டுங்கன்னு சொன்னா. அவளைக் காப்பாத்தறேன்னு நான் அவ வாயை மூடிட்டே ஓட்டிட்டு வந்தேன்னு ஆகுது. அதை ஒத்துக்கிட்டா தெனம் ரெண்டு தடவை இந்த ரோட்டுல நான் எப்படி வண்டி ஓட்டறது?

மிச்சம் ஏழு நாளையும் முடிச்சேன். அவ போன பொறகும் தொடல. நாப்பத்தெட்டாவது நாளு முனியப்பன் முன்னால போயி நின்னேன். 'நான் வாக்குத் தவறல. நீ தவறிட்டே'ன்னு சொன்னேன். எவனோ பத்த வெச்சுட்டுப் போன சுருட்டு அவரு காலுகிட்ட பொகைஞ்சுட்டு இருந்துச்சு. அன்னைக்கிருந்து அங்க நிறுத்தறதில்ல, ஆரன்கூட அடிக்கறதில்ல. அந்தா, அந்த வேப்பமரத்தடியில இருக்கறாரு பாருங்க, பெரிய மீசையோட. பாத்தீங்களா? நான் பாக்க மாட்டேன்.

பிரிக்கவும் இல்ல, தூக்கிப் போடவும் இல்ல. பாக்கெட்டு அப்படியே கெடக்குது. ஆசையும் இன்னும் விடலைங்க. மூணு வருசம் ஆச்சுன்னு உங்ககிட்டப் பெருமையாச் சொன்னேன், ஆனா புளியம்பட்டி தாண்டுனா இன்னைக்கும் வரும். இப்பக்கூட வந்துச்சு, நீங்க ஊதுன வாசத்துக்கு. ஆனா இப்பெல்லாம் எண்ணறதில்ல. யாராவது பக்கத்துல ஒக்காந்திருந்தா இப்படிப் பேசிட்டே வந்தர்றேன். பேசுனாலும் போகுதுங்க தம்பி. பேசிட்டே வந்தாலும் அந்த ஆசை போகத்தான் செய்யுது. அது எனக்கு அப்பத் தெரியல.

இதா பாலம். தண்ணி இல்ல, இன்னும் தொறந்து விடல.

தாண்டியாச்சு.

இப்பச் சொல்லுங்க தம்பி. புளியம்பட்டிகிட்ட ஏதோ சொல்ல வந்தீங்களே, நான் இருங்கன்னுட்டேன். என்னது, ஒண்ணுமில்லீங்களா? மறந்துட்டீங்களா? ஞாபகம் பண்ணிப் பாருங்க. அவசரமில்ல, இந்தா, ஓரங்கட்டறேன். சின்ன வெசயமா இருந்தாலும் பரவால்லீங்க, சொல்லுங்க. வண்டிய நிறுத்திட்டேன். சொல்லுங்க தம்பி, கேக்கறேன்.